ஏட்டில் ஏறாத ஆடு

(திண்டிவனத்தில் ஆடு, மாடு வளர்ப்போர் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கறிக்கு வளர்க்கும் கால்நடையை இனத்தின் பெயர் சொல்லி விற்பது எப்படி, அந்தக் கறிக்கே ஒரு பெயர் வைத்துக் கூடுதல் விலை பெறுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். நம் மாவட்டத்தில் அதைத் தொடங்க வேண்டிய இடம் செஞ்சிச் சந்தை.

வெள்ளிக்கிழமை விடியுமுன் அங்கே போய் நின்றிருக்கிறேன். டாடா ஏஸ் வண்டிகளிலிருந்து ஆடுகளை இறக்கி, கழுத்தோடு கழுத்தாகக் கயிற்றில் பிணைத்து நிறுத்துவார்கள். வியாபாரி வருவார். ஆட்டின் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். முதுகெலும்பின் மேல் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து அழுத்திப் பார்ப்பார். இடுப்புச் சதையைப் பிடிப்பார். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் அடியில் கை கொடுத்து ஒரு தூக்குத் தூக்கி இறக்குவார். அவ்வளவுதான், எடை போட்டாயிற்று. பிறகு தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வியாபாரி கை மேல் போடுவார். துண்டுக்குள்ளே விரல்கள் பேசும். எந்த விரலைப் பிடித்தால் ஆயிரம், எதை மடக்கினால் ஐந்நூறு என்பது தரகருக்கும் வியாபாரிக்கும் தண்ணீர் பட்ட பாடு. ஆறு மாதம் அந்த ஆட்டை மேய்த்த அம்மாவுக்குத் தெரியாது. அவர் கையில் கடைசியாக வந்து சேரும் நோட்டுகள்தான் அவருக்குத் தெரியும்.

கணக்கைப் பாருங்கள். 20 கிலோ நிற்கிற கடாக்குட்டியில் உரித்த கறி பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தேறும். கண் மதிப்பில் இரண்டு கிலோ பிசகினால் கறியில் ஏறத்தாழ ஒரு கிலோ பிசகுகிறது. ஒரு கிலோ ஆட்டுக்கறி இன்று 800 ரூபாய்க்கு மேல் விற்கிறது. பத்து உருப்படி விற்றால் பிசகு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக் கொள்ளுங்கள். இத்தனை வருஷத்தில் அந்தப் பிசகு வளர்த்தவர் பக்கம் சாய்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆட்டின் எடைக்கே கணக்கு இல்லாத இடத்தில் இனத்துக்கு ஏது விலை? அந்தக் கயிற்றில் நிற்பது என்ன ஆடு என்று யாரும் கேட்பதில்லை. கறுப்பு, சிவப்பு, பெரிசு, சிறிசு, அவ்வளவுதான் பேச்சு.

இனத்துக்கு விலை கிடைக்கிற இடமும் உண்டு. உங்கள் கைப்பேசியில் ஒரு வெள்ளைப் பசுவின் படம் வந்திருக்கும். பிரேசில் நாட்டுப் பசு, பெயர் வியாட்டினா 19. எடை 1,100 கிலோ. 2023-இல் அதன் மூன்றில் ஒரு பங்கு உரிமை மட்டும் ஏலத்தில் விற்றது. அந்த விலைப்படி முழு மாட்டின் மதிப்பு நம் பணத்தில் 40 கோடி ரூபாய் என்று செய்திகளில் வந்தது. உலகத்திலேயே விலை உயர்ந்த மாடு என்று கின்னஸில் ஏறியது. அதன் இனத்தின் பெயர் நெல்லோர். நம் பக்கத்து நெல்லூர்தான் அது. ஓங்கோல் மாடு என்று நாம் சொல்வதை அவர்கள் நெல்லோர் என்கிறார்கள். நெல்லூரும் ஓங்கோலும் நம்மோடு சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், 19-ஆம் நூற்றாண்டில், கப்பலேறிப் போன மாடுகள் அவை. 1960-களின் தொடக்கத்தில் ஓங்கோல் பக்கத்துக் கரவடி ஊரின் பெயரோடு ஒரு காளை போனது. அந்தக் காளையின் வாரிசுகள் பிரேசில் முழுக்கப் பரவியிருக்கின்றன. இன்றைக்கு அந்த நாட்டின் கறி மாடுகளில் பெரும்பகுதி நெல்லோர் ரத்தம் கலந்தவை. அங்குள்ள நெல்லோர் வளர்ப்போர் சங்கம் அந்த இனத்தின் கறிக்கென்றே ஒரு முத்திரைத் திட்டமும் நடத்துகிறது.

மாடு நம்முடையது, பெயர் நம்முடையது, காசு அவர்களுடையது. இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஆனால் அவர்கள் நம்மிடமிருந்து களவாடினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வாங்கிப் போன இனத்துக்கு ஏடு போட்டார்கள். இன்ன காளைக்கும் இன்ன பசுவுக்கும் இன்ன தேதியில் பிறந்தது, இத்தனை மாதத்தில் இவ்வளவு எடை என்று தலைமுறை தலைமுறையாக எழுதினார்கள். நாம் எழுதவில்லை. அந்த மாடு உழவுக்குப் பழகியது, பால் கொஞ்சம், டிராக்டர் வந்ததும் வேண்டாம் என்று விட்டோம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்த ஒரு தொழிலில் மட்டும் ஏட்டில் இருப்பதுதான் கறிக்கு உதவுகிறது.

அமெரிக்காவின் ஆங்கஸ் கதையும் அப்படித்தான். ஆங்கஸ் என்பது ஸ்காட்லாந்தின் கறுப்பு மாடு, கொம்பு கிடையாது. 1873-இல் நாலே நாலு காளைகள் கன்சாஸுக்குப் போயின. 1883-இல் வளர்ப்பவர்கள் கூடிச் சங்கம் வைத்து வம்ச ஏடு தொடங்கினார்கள். அதற்கு 95 வருஷம் கழித்து, 1978-இல்தான், அந்தச் சங்கம் கறிக்கு முத்திரை கொண்டு வந்தது. அந்த முத்திரையை நடத்தும் அமைப்பு ஒரு மாடும் வாங்குவதில்லை, ஒரு துண்டு கறியும் விற்பதில்லை. பெயரை மட்டும் காக்கிறது. தோல் பெரும்பகுதி கறுப்பாக இருந்தால்தான் மாடு பரிசீலனைக்கே வரும். உரித்த பிறகு கறியில் கொழுப்பு இழையோடுவது, சதையின் அளவு, மாட்டின் வயது என்று பத்து அளவுகோல் வைத்து அரசாங்கத் தரம் பார்ப்பவர்கள் பார்க்கிறார்கள். பெரும்பாலான மாடுகள் தேறுவதில்லை. தேறிய கறிக்கு வெட்டுக்கூடத்துக்காரர்கள் பவுண்டுக்கு இவ்வளவு என்று அந்த அமைப்புக்குக் கட்டணம் கட்டுகிறார்கள். அமைப்பு வளர்ப்பவர்களின் சங்கத்துக்குச் சொந்தம். இந்தக் கடைசி வரியை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருகிறேன்.

ஜப்பானில் கோபே கறி என்று ஒன்று. அந்த மாடு ஒரு காலத்தில் மலைச்சரிவு வயல்களில் ஏர் இழுத்த மாடு, நம் உழவு மாட்டுக்கு அண்ணன் தம்பி மாதிரி. ஹியோகோ என்ற ஒரே மாகாணத்தில், தாஜிமா என்ற ஒரே வம்ச வழியில் பிறந்து வளர்ந்ததாக இருக்க வேண்டும். கன்றிலேயே மூக்கு ரேகை எடுத்து வைக்கிறார்கள். நம் கட்டை விரல் ரேகை மாதிரி, மாட்டுக்கு மூக்கு ரேகை ஒன்றுக்கொன்று ஒவ்வாது. ஒவ்வொரு மாட்டுக்கும் பத்து இலக்க எண். சாப்பிடுகிறவர் அந்த எண்ணை வைத்து மாடு எங்கே பிறந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். 1983-இல் இதற்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். 2012 வரை அந்தக் கறி ஜப்பானை விட்டு வெளியே ஏற்றுமதியே ஆகவில்லை. ஆனால் அதற்கு முன்பே அமெரிக்க ஓட்டல்களில் கோபே கறி என்று எழுதி விற்றுக்கொண்டிருந்தார்கள். பெயருக்கு மதிப்பு வந்தவுடன் போலி வரும். ஏடு இருந்தால்தான் போலியைப் போலி என்று சொல்ல முடியும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, நாமும் மாட்டுக்கறிக்கு ஓர் இனம், ஒரு முத்திரை என்று தொடங்கலாமா என்று ஒரு தம்பி முன்னமே என்னிடம் கேட்டார். நேராகவே பதில் சொல்கிறேன். நம் ஊரில் அது நடக்காது. மாட்டுக்கறி உண்பவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அது அவர்கள் உணவு, அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. தடை வேறிடத்தில் இருக்கிறது. 1958-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயது கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாடு, அல்லது தீராத நோயாலோ காயத்தாலோ முடங்கிய மாடு என்று சான்று இருந்தால்தான் வெட்ட முடியும். பசுவுக்கு 1976 முதல் தடை. ஆங்கஸ் முத்திரைக்கு மாடு 30 மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். முப்பது மாதம் எங்கே, பத்து வயது எங்கே? உழைத்து ஓய்ந்த மாட்டின் கறியை எந்த முத்திரை போட்டும் இளங்கறி விலைக்கு விற்க முடியாது.

அதனால் நம் மாட்டுத் தொழுவம் பாலை நம்பியது. சினை ஊசி போட்டு ஜெர்சிக் கலப்பில் காளைக் கன்று பிறந்தால் வீட்டில் முகம் வாடுகிறது, சில வாரத்தில் கன்று கைமாறிப் போகிறது. அந்தக் கன்றுகளின் கதி தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயம். இன்று அதற்குள் போகவில்லை.

இனத்தின் பெயரால் மாடு விற்பது தமிழ்நாட்டில் இல்லாமலும் இல்லை. காங்கயம் பக்கம் பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடுகிறது. காங்கயம் இன மாட்டுக்கு மட்டுமே அங்கே இடம். அந்த இனம் இன்றுள்ள வடிவில் நிலைத்ததற்குப் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பெரிய காரணம். பொலிகாளையைத் தேர்ந்தெடுத்து, வழி கெடாமல் காத்தார். அந்தச் சந்தையில் சுழி பார்த்து, திமில் பார்த்து, இது காங்கயம்தானா என்று பேசித்தான் விலையே தொடங்கும். உழவுக்கும் வண்டிக்கும் மவுசு குறைந்த பிறகும் அந்தப் பெயருக்கு விலை நிற்கிறது.

கறியில் இந்தியாவுக்கு ஒரு முன்மாதிரி உண்டு. மத்தியப் பிரதேசத்து ஜாபுவா மாவட்டத்தின் கடக்நாத் கருங்கோழி. அதன் கறிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழங்குடி மக்கள் காலங்காலமாக வளர்த்த கோழி. குறியீடு வந்ததும் நாடு முழுக்க அதன் குஞ்சுக்குப் பறந்தார்கள். நம் ஊரிலும் வாங்கியவர்கள் இருக்கிறீர்கள். இதில் எனக்கு ஒரு பயம் உண்டு. 2012-இல் ஈமு கோழி மோசடி வெடித்தபோது கொங்கு நாட்டில் எத்தனை குடும்பம் சேமிப்பை இழந்தது என்று நமக்குத் தெரியும். அங்கே பறவை இருந்தது, பெயர் இருந்தது, விளம்பரத்துக்கு நடிகர்கள்கூட வந்தார்கள். சாப்பிட ஆள்தான் இல்லை. குஞ்சை விற்றே லாபம் காட்டும் எந்தத் திட்டத்தையும் கிட்டே சேர்க்காதீர்கள். கறி வாங்கிச் சாப்பிட ஆள் இருக்கிற கால்நடைக்குத்தான் முத்திரை உதவும்.

அப்படிப்பட்ட ஒன்று உங்கள் பட்டியிலேயே நிற்கிறது.

செம்மறி என்று நீங்கள் சொல்கிற ஆட்டை ஆராய்ச்சிப் புத்தகங்களில் மெட்ராஸ் ரெட், அதாவது சென்னை சிவப்பு என்பார்கள். செங்கல்பட்டிலிருந்து வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் வரை இதன் மண். உடம்பு செம்பழுப்பு, சிலவற்றுக்கு நெற்றியிலும் அடிவயிற்றிலும் வெள்ளை. காது தொங்கும். கடாவுக்கு வரிவரியாக முறுக்கிய கொம்பு, பெட்டைக்குக் கொம்பு இல்லை. கம்பளி கிடையாது, குட்டை முடிதான், அதனால் நம் வெயில் தாங்கும். வளர்ந்த கடா 35 கிலோ, பெட்டை 23 கிலோ அளவில் நிற்கும். பெரிய ஆடு இல்லை. மல்லாட்டை அறுத்த கொல்லையிலும், உளுந்து எடுத்த வயலிலும், ஏரிக்கரையிலும் மேய்ந்தே வளர்ந்துவிடும், கடையில் தீனி வாங்க வேண்டியதில்லை. ராத்திரியில் வயலில் கிடை போட்டால் எருவுக்கும் காசு. சென்னைக்குப் பக்கத்தில், காட்டுப்பாக்கத்தில், நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்துக்கென்றே ஒரு திட்டம் நடத்துகிறது. வளர்ப்பவர்களின் மந்தைக்கே போய்க் குட்டிகளை எடை போட்டு, நல்ல கடாவைத் தேர்ந்து பொலிக்குக் கொடுக்கிற திட்டம்.

இத்தனை இருந்தும் நாம் என்ன செய்கிறோம்? ஆந்திரத்திலிருந்து வருகிற நெல்லூர்ச் செம்மறிக் கடா ஆள் உயரத்துக்கு நிற்கிறது என்று அதைப் பொலிக்கு விடுகிறோம். உயரம் வரும். ஆனால் நம் வெயிலில், நம் மேய்ச்சலில் தாங்கிய குணம் கலைந்து போகும். இரண்டு தலைமுறை கலந்தால் பிறகு எது சென்னை சிவப்பு என்று பிரிக்க ஆள் கிடைக்காது. ஓங்கோல் மாட்டைப் போல, வேறொருவர் வந்து காப்பாற்றுவார் என்று இருந்துவிட முடியாது.

மயிலத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஓர் அம்மா இருக்கிறார். அவர் மகள் பள்ளிக்கூடத்தில் பாதி எழுதி விட்ட கணக்கு நோட்டை வாங்கி, பின் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினார். ஆட்டுக்கு ஆடு பக்கம். ‘நெத்திச் சுட்டி பெட்டை. தை மாசம் பொங்கலுக்கு மறுநாள் ஒத்தைக் குட்டி, கடா. அப்பன் கோயில் தெருக்காரர் கடா.’ இப்படித்தான் எழுத்து. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரேஷன் அரிசிச் சாக்கில் குட்டியை உட்கார வைத்து, நெல் நிறுக்கும் தொங்கு தராசில் எடை போட்டார். ஒன்றரை வருஷத்தில் ஒரு விஷயம் அவருக்கே தெரிந்தது. கோயில் தெருக்காரர் கடாவுக்குப் பிறந்த குட்டிகள் ஆறு மாதத்தில் மற்றவற்றை விட ஏறத்தாழ இரண்டு கிலோ கூட நின்றன. இதைத்தான், கால்நடை மருத்துவம் படிக்கும் பிள்ளைகளே, உங்கள் பாடப் புத்தகத்தில் சந்ததிச் சோதனை என்று எழுதியிருக்கிறது. அந்த நோட்டை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். அன்று முதல் நான் எந்த ஊருக்குப் போனாலும் அந்த நோட்டைப் பற்றித்தான் பேசுகிறேன்.

பத்து வீட்டில் இப்படிப் பத்து நோட்டு இருந்தால் அது ஓர் ஏடு. நூறு வீட்டில் இருந்தால் ஓர் இனத்தின் ஏடு. மாட்டுக்குக் காதில் மஞ்சள் வில்லை மாட்டிப் பன்னிரண்டு இலக்க எண் கொடுக்கிறார்களே, அதே மாதிரி ஆட்டுக்கும் மாட்டலாம். மாட்டாஸ்பத்திரியில் கேளுங்கள். எண் காதில் இருக்கட்டும், கதை நோட்டில் இருக்கட்டும்.

அடுத்தது தராசு. சந்தையில் உயிர் எடைக்கு விற்கப் பழக வேண்டும். ஒரு ஊர் ஆடுகளை ஒரே நாளில், ஒரே இடத்தில், எல்லோர் கண் முன்னும் எடை போட்டால் வியாபாரி அங்கே வருவார். வந்துதான் ஆக வேண்டும். அவருக்கும் ஒரே இடத்தில் ஐம்பது உருப்படி கிடைப்பது லாபம். துண்டுக்குள் கை வைக்கும் வழக்கம் அன்றே அந்த ஊரில் நின்றுவிடும்.

முத்திரை அதற்கும் பிறகு. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி 40 கிலோமீட்டர்தான். சென்னைக்கு மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். வானூர்ப் பக்கம் ஆரோவில் இருக்கிறது. என்ன சாப்பிடுகிறோம், அது எங்கே மேய்ந்தது என்று கேட்டு வாங்குகிறவர்கள் அங்கே நிறைய. இந்த ஊர்க் கொல்லையில் மேய்ந்த சென்னை சிவப்பு, ஆறேழு மாதக் குட்டி, இன்ன எண் என்று சொல்லி, சுத்தமான வெட்டுக்கூடத்தில் அறுத்து, உணவுப் பாதுகாப்பு உரிமத்தோடு கொடுத்தால் வாங்க ஆள் உண்டு. தோலுக்கும் ராணிப்பேட்டையும் ஆம்பூரும் இருக்கின்றன. கீறல் இல்லாமல் உரித்த தோலுக்குத் தனி விலை.

ஆங்கஸ் முத்திரை யாருக்குச் சொந்தம் என்று சொன்னதைத் திரும்ப நினைவுபடுத்துகிறேன். நம் ஊரில் கறிக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். கொட்டகை அவர்கள் போட்டது, கரண்ட் பில் அவர்கள் கட்டுவது, ராத்திரி கண் விழிப்பது அவர்கள். குஞ்சு கம்பெனியுடையது, தீனி கம்பெனியுடையது, பெயர் கம்பெனியுடையது. கையில் வருவது வளர்ப்புக் கூலி. அது தப்பு என்று சொல்லவில்லை. பல குடும்பம் அதில் சோறு சாப்பிடுகிறது. ஆனால் கோழியில் இனம் கை நழுவிப் போயிற்று, இனி திரும்பாது. செம்மறியில் இன்னும் நழுவவில்லை. கடா இன்னும் கோயில் தெருக்காரர் வீட்டில்தான் நிற்கிறது. நாளைக்கு ஒரு பெரிய நிறுவனம் வந்து, சென்னை சிவப்பு என்ற பெயரைத் தன் பெயராகப் பதிந்து, உங்கள் ஆட்டை உங்களிடமே கூலிக்கு வளர்க்கச் சொல்லும் நிலைமை வரக் கூடாது. அதற்கு முன்பே வளர்ப்பவர்கள் சங்கமாகவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ கூடி, ஏட்டையும் பெயரையும் தங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜாபுவாவுக்குக் கோழிக்கறியில் கிடைத்த புவிசார் குறியீடு நம் ஆட்டுக்கறிக்கும் கிடைக்க வழி இருக்கிறது. விண்ணப்பத்தில் கட்டாயம் கேட்பவற்றில் ஒன்று, இது இந்த மண்ணுக்கு உரியது என்பதற்குச் சான்று எங்கே என்பது.

அந்தச் சான்றை அரசாங்கமோ பல்கலைக்கழகமோ தனியாக எழுத முடியாது. குட்டி போடும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். அம்மாமார்களே, வீட்டில் பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்று இருக்கும். இன்று ராத்திரி அதை எடுத்து, பட்டியில் நிற்கிற ஆடுகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். அடுத்து எந்த ஆடு குட்டி போட்டாலும் தேதியும் தாயும் தகப்பனும் அதில் ஏறட்டும். மூன்று மாதம் கழித்து இதே இடத்துக்கு வருகிறேன். நோட்டோடு வாருங்கள், ஒரே ஒரு ஆடு வைத்திருப்பவரும் வாருங்கள்.